மோட்டார் வண்டியின் கிளட்ச் எண்ணெய்ச் சாதனமும் அதனை வீட்டிலேயே பழுது பார்க்கும் முறையும்

விளைந்த காய்கறியை விடியுமுன் சந்தையிற் சேர்ப்பதற்கும், விதையும் உரமும் ஏற்றி வருவதற்கும், நள்ளிரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதற்கும் இக்காலத்துக் குடியானவர்களுக்குக் காரும் ஜீப்பும் உறுதுணையாய் இருந்து வருகின்றன. மாட்டுக்கு நோய் கண்டால் அதன் வாயையும் குளம்பையும் முதலில் தாமே பார்த்து, பிறகு வைத்தியரை அழைப்பது குடியானவர்களின் வழக்கம். வண்டிக்கு நோய் கண்டால் மட்டும் யாதொன்றும் பாராமல் பட்டறைக்கு இழுத்துச் சென்று, அங்கே சொன்னதற்கெல்லாம் பணம் கொடுத்துத் திரும்புகின்றனர்.

இவ்விதம் வீண் செலவு நேரிடுகிற கோளாறுகளில் முக்கியமானது, கிளட்ச் பெடல் காலோடு கீழே இறங்கிவிடுவதாகும். "கிளட்ச் பிளேட் போய்விட்டது" என்று உடனே தீர்மானித்துக் கியர் பாக்ஸை இறக்கிவிடுவார்கள். பழைய பிளேட்டோ இன்னும் பல மாதம் உழைக்கக்கூடிய நிலையில் இருக்கும். உண்மையான கோளாறு, காசளவே உள்ள ஒரு ரப்பர்க் கிண்ணத்தில் இருந்திருக்கும். அக்கிண்ணத்தை மாற்றுவது, பொறுமையும் சுத்தமும் உடைய எவரும் வீட்டு முற்றத்திலேயே அரை நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலையே.

சாதனத்தின் அமைப்பு

எல்லா வண்டிகளிலும் கிளட்ச் எண்ணெயால் இயங்குவதில்லை. சில கார்களில் கேபிளும், பல டிராக்டர்களில் இரும்புத் தண்டும் அவ்வேலையைச் செய்கின்றன. பானட்டைத் திறந்து, கிளட்ச் பெடலுக்கு நேர் முன்னே எஞ்சின் அறைச் சுவரில் சிறு சிலிண்டர் ஒன்றும், அதிலிருந்து கீழே செல்லும் மெல்லிய குழாயும் இருக்கக் கண்டால், அந்த வண்டி எண்ணெயால் இயங்கும் கிளட்சை உடையது என்று அறியலாம்.

மேலேயுள்ள சிலிண்டருக்கு மாஸ்டர் சிலிண்டர் என்று பெயர். இதனோடு எண்ணெய்க் கிண்ணம் சேர்ந்திருக்கும். கியர் பாக்ஸின் பக்கத்தில் பூட்டப்பட்டிருப்பது ஸ்லேவ் சிலிண்டர். இரண்டையும் ஓர் இரும்புக் குழாயும், அதன் முனையில் வளையும் ரப்பர் ஓஸும் இணைக்கின்றன. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. அவ்வெண்ணெய் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை வெளியே தள்ள, அது ஒரு தண்டின் மூலம் கிளட்சின் கவையை அசைத்து, எஞ்சினையும் கியரையும் பிரிக்கிறது.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எவ்விடத்தும் குறையாமற் பரவும் என்பது, பிரான்சு தேசத்து அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. அவர் 1662இல் இறந்த பின், 1663இல் அச்சான அவருடைய நூலில் இது விளக்கப்பட்டுள்ளது. கிளட்ச் சாதனம் முழுவதும் இவ்விதி ஒன்றையே ஆதாரமாகக் கொண்டது.

ஒரு தேக்கரண்டி எண்ணெயின் கணக்கு

உதாரணமாக, மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 5/8 அங்குலமும், ஸ்லேவ் சிலிண்டரின் உள்விட்டம் 7/8 அங்குலமும் என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் பரப்புகள் 25க்கு 49 என்ற விகிதத்தில், அதாவது ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டாக, அமைகின்றன. ஆகவே மேலே கொடுத்த பலம் கீழே இரு மடங்காகிறது; மேலே பிஸ்டன் 25 மில்லிமீட்டர் நகர்ந்தால் கீழே 13 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நகர்கிறது.

இந்த நகர்ச்சியில் இடம் பெயரும் எண்ணெய் எவ்வளவு? ஏறக்குறைய 5 கன சென்டிமீட்டர். ஒரு சிறு தேக்கரண்டி அளவேயாம். இதில் 1 கன சென்டிமீட்டர் கசிந்து போனாலும், அந்த அளவு காற்று உள்ளே புகுந்தாலும், கிளட்சின் அசைவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். எண்ணெய் அமுங்காது, காற்றோ அழுத்தத்தில் சுருங்கி ஒன்றுமில்லாதது போலாகிவிடும். ஒரு சொட்டுக் கசிவையும் அற்பமென்று தள்ளலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

கோளாறை அறியும் வகை

ஸ்பானரைக் கையிலெடுக்குமுன் கோளாறு எங்கே என்று நிச்சயித்தல் வேண்டும். அதற்கான சோதனைகள் பின்வருமாறு:

முதலாவது, எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்க்கவேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் வெளியே எங்கோ கசிவு உண்டு. பெடலின் மேற்புறத்தில், தண்டு சுவருக்குள் நுழையும் இடத்தையும், அதன் கீழுள்ள விரிப்பையும் தடவிப் பார்க்க. ஈரமிருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. வண்டியின் அடியில் ஸ்லேவ் சிலிண்டரின் முனையிலுள்ள ரப்பர் உறையை விலக்கிப் பார்க்க. உள்ளே எண்ணெய் நின்றால் அது கசிகிறது. குழாய்ப் பூட்டுக்களையும் ஓஸையும் இவ்வாறே பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, கிண்ணத்தில் எண்ணெய் குறையாமலே, மிதித்து நிறுத்திய பெடல் மெள்ள மெள்ளக் கீழே இறங்குமாயின், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர்க் கிண்ணம் தேய்ந்து எண்ணெய் பின்னோக்கி வழிகிறது என்று அறிக.

மூன்றாவது, பெடல் பஞ்சுபோல் மெத்தென்று இருந்து, இரண்டு மூன்று தரம் மிதித்தால் கெட்டிப்படுமாயின், பெரும்பாலும் காற்றுப் புகுந்திருக்கும்.

நான்காவது சோதனையே முடிவானது. ஒருவர் பெடலை முழுதும் மிதிக்க, மற்றொருவர் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளவுகோலால் பார்க்கவேண்டும். வண்டியின் கைநூலிற் கண்ட அளவு நகர்ந்தும் கியர் கரகரவென்று உரசி விழுமானால், எண்ணெய்ச் சாதனத்தில் குற்றமில்லை, கோளாறு கிளட்சினுள்ளேதான். அப்பொழுது கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். குறைவாக நகர்ந்தால், கியர் பாக்ஸைத் தொடவேண்டிய அவசியமில்லை.

எஞ்சின் இரைந்தும் வண்டி வேகம் பிடியாமல் கிளட்ச் வழுக்குவது வேறு வகை. பெரும்பாலும் பிளேட் தேய்ந்திருக்கும். ஆயினும், கால் எடுத்த பின்னும் எண்ணெய் அழுத்தம் தணியாமல் நின்றுவிடுவதும் ஒரு காரணமாகலாம். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைச் சற்றே திறந்ததும் எண்ணெய் பீறிட்டு, வழுக்கல் நின்றுவிட்டால், மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துவாரமோ ஓஸோ அடைபட்டிருக்கிறதென்று தெளியலாம்.

எந்த வண்டிக்கு இம்முறை பொருந்தாது

தற்காலத்து வண்டிகள் சிலவற்றில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இராமல், கியர் பாக்ஸின் தண்டைச் சுற்றி உள்ளேயே வளையமாய் அமைந்துள்ளது. அதை மாற்றக் கியர் பாக்ஸை இறக்கவேண்டியிருப்பதால், அவ்வேலையைப் பட்டறைக்கே விடுதல் நலம். வேறு சிலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டுப் பிரிக்க முடியாததாய் இருக்கும். அதனை முழுதாகவே மாற்றவேண்டும்.

எண்ணெயைப் பற்றிய எச்சரிக்கை

இச்சாதனத்தில் ஊற்றுவது பிரேக் ஆயிலே. கிண்ணத்தின் மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ குறித்திருக்கும். குறித்த வகையையே வாங்கவேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன் எண்ணெயாகையால் இவற்றோடு கலக்கலாகாது.

எஞ்சின் ஆயிலையோ, டிராக்டரின் ஹைட்ராலிக் ஆயிலையோ ஒருபோதும் ஊற்றலாகாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் இவற்றால் ரப்பர்ச் சாமான்களைக் கழுவவும் கூடாது. இவை பட்டால் அந்த ரப்பர் ஊறிப் பருத்துக் கூழாகிவிடும். வண்டிச் சாமான் எதையும் மண்ணெண்ணெயில் கழுவுவது நம் குடியானவர்களிடம் ஊறிப்போன பழக்கமாகையால், இதனை இரு முறை படித்து நினைவில் வைத்தல் வேண்டும்.

இதில் உயிராபத்தும் உண்டு. பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய்க் கிண்ணம் ஒன்றே. அதில் தவறான எண்ணெய் விழுந்தால், கிளட்சோடு பிரேக்கின் ரப்பர்களும் கெடும். கெடுவது உடனே தெரியாது. பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும்பொழுது தெரியவரும். தவறி ஊற்றிவிட்டால் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி, கிளட்ச், பிரேக் இரண்டின் ரப்பர்களையும் பட்டறையில் மாற்றுவதே வழி.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 எண்ணெயின் கொதிநிலை 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையலாகாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அதற்கு விதித்துள்ள எல்லை 140 டிகிரியே. டாட் 4 எண்ணெய்க்கு இவை முறையே 230, 155 ஆகும். உறிஞ்சிய ஈரம் சிலிண்டரின் உட்சுவரில் துருவாகிறது, துரு குழியாகிறது, குழி ரப்பரைக் கிழிக்கிறது. அறுவடை முடிந்து பல மாதம் கொட்டகையில் நிற்கும் வண்டிகளில் இக்கோளாறு மிகுவது இதனாலேயே. ஆகையால் திறந்து பல நாளான டப்பாவின் எண்ணெயை உபயோகித்தல் தகாது.

வேண்டிய சாமான்கள்

வண்டிக்குரிய ரப்பர்க் கிட் இரண்டு, அல்லது புதிய சிலிண்டர்கள். சீல் உடையாத பிரேக் ஆயில் அரை லிட்டர். குழாய் நட்டுக்குரிய அளவான ஸ்பானர்கள். சர்க்கிளிப் கழற்றும் குறடு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் இரண்டு முழம். ஒரு கண்ணாடிப் புட்டி. நூல் பிரியாத சுத்தமான துணி. உதவிக்கு ஓர் ஆள். கிட் வாங்குமுன் சிலிண்டரின் மேல் வார்த்துள்ள விட்ட அளவைப் பார்த்து, அதற்கு ஒத்ததையே கேட்டு வாங்கவேண்டும்.

ஒன்று கசிந்தால் மற்றொன்றையும் சேர்த்தே பார்ப்பது சிக்கனம். இரண்டும் ஒரே வயதுடையவை. ஒரே எண்ணெயில் ஊறியவை. ஒன்றைச் சீராக்கிய சில வாரத்தில் மற்றொன்று கசிவது சாதாரணம்.

கழற்றுதல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியபின், இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்கி நிறுத்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கின் மேலோ நிற்கும் வண்டியின் அடியில் எவரும் புகலாகாது. இதில் காட்டும் சோம்பலுக்கு உயிரே விலையாகும்.

கிண்ணத்தின் எண்ணெயை முதலில் உறிஞ்சி எடுத்துவிடவேண்டும். கிண்ணம் பிரேக்குக்கும் பொதுவானால், கிளட்ச் குழாயின் வாய்க்குக் கீழ்வரை மட்டுமே எடுத்து, மாஸ்டர் சிலிண்டருக்குச் செல்லும் குழாயை அடைத்துவிடுக. பிறகு இரும்புக் குழாயும் ஓஸும் சேரும் இடத்தில் நட்டைத் தளர்த்தி, ஓஸ் முறுக்கேறாதபடி ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றவேண்டும். சிலிண்டர் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்காதபடி பார்த்துக்கொள்க.

மாஸ்டர் சிலிண்டரை எடுக்க, பெடலோடு தண்டைச் சேர்க்கும் ஊசியை நீக்கி, குழாய் நட்டையும், சுவரோடு பூட்டிய இரு போல்ட்டுக்களையும் கழற்றவேண்டும். மேஜைமேல் வைத்து, தண்டைச் சற்று உள்ளே அழுத்திக்கொண்டு சர்க்கிளிப்பை நீக்கினால், பிஸ்டன், ரப்பர்க் கிண்ணம், சுருள்வில் ஆகியவை வரிசையாய் வெளிவரும். அவற்றை வந்த வரிசையிலும் திசையிலும் காகிதத்தின்மேல் அடுக்கிவைத்தல் வேண்டும். பிஸ்டன் இறுகி நின்றால், துணியால் மூடிக்கொண்டு, குழாய் வாயில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்தால் வெளிவந்துவிடும்.

புதுப்பிக்கலாமா, மாற்றவேண்டுமா?

சிலிண்டரின் உட்புறத்தைப் புதிய பிரேக் ஆயிலால் துடைத்து, வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பாய் இருந்தால் ரப்பர் மாற்றினாற் போதும். இரும்புச் சிலிண்டரில் மேலோடிய லேசான கறையாயின், மிக நுண்ணிய தாளால் சுற்றுவட்டமாகத் தேய்த்து நீக்கிச் சுத்தம் செய்யலாம். நகத்தால் வருடும்போது நகம் சிக்குகிற குழியோ கோடோ இருந்தால், அந்தச் சிலிண்டரைத் தள்ளிப் புதியதையே வாங்கவேண்டும். அலுமினியச் சிலிண்டரைத் தேய்க்கவே கூடாது. குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் போடுவது, ஓட்டைக் குடத்துக்குப் புதுப் பிரிமணை வாங்குவதை ஒக்கும்.

பூட்டுதல்

கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்தபின், புதிய ரப்பர்களைப் பிரேக் ஆயிலில் நனைத்து, பழையவை இருந்த திசையிலேயே பொருத்தவேண்டும். அழுத்தம் தாங்கும் ரப்பர்க் கிண்ணத்தின் விரிந்த உதடு எப்பொழுதும் எண்ணெய் இருக்கும் பக்கத்தையே நோக்கியிருக்கும். திருப்பிப் போட்டால் எண்ணெய் நில்லாது. உதடு மடியாதபடி விரலால் நீவி உள்ளே விடுக. கூரிய கருவி எதையும் உபயோகிக்கலாகாது. செப்பு வாஷர் இருக்குமிடங்களில் புதியதைப் போடவேண்டும். குழாய் நட்டுக்களை முதலில் விரலால் பல சுற்றுச் சுற்றி, புரி சரியாய் ஏறியபின்னரே ஸ்பானரால் இறுக்குதல் முறை.

காற்று எடுத்தல்

கிண்ணத்தைப் புது எண்ணெயால் நிரப்பி, ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது எண்ணெயுள்ள புட்டியில் முழுக வைக்கவேண்டும். உதவியாள் பெடலை மெதுவாய் மிதித்து அப்படியே நிறுத்த, கீழேயிருப்பவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து, குமிழியோடு எண்ணெய் வந்ததும் மூடவேண்டும். மூடியபின்னரே பெடலை விடவேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் காற்று மீண்டும் உள்ளே ஏறும். "மிதி", "விடு" என்று ஒருவரே உரக்கச் சொல்லி நடத்துதல் நலம்.

குமிழி இல்லாத எண்ணெய் வரும்வரை இவ்வாறே செய்க. நாலைந்து தரத்துக்கு ஒருமுறை கிண்ணத்தைப் பார்த்து எண்ணெய் ஊற்றவேண்டும். கிண்ணம் வறண்டால் வேலையை முதலிலிருந்து தொடங்க நேரும். வெளிவந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றலாகாது. பெடல் இன்னும் மெத்தென்று இருந்தால், நிப்பிளை மூடி, ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைக் கையால் மெதுவாய் முழுதும் உள்ளே தள்ளுக. தங்கியிருந்த குமிழிகள் மேலே கிண்ணத்துக்கு ஏறிவிடும்.

முடிவான சோதனை

பெடலுக்குத் தொடக்கத்தில் சிறிது தளர்ச்சி இருத்தல் வேண்டும். தண்டு பிஸ்டனைத் தொடாமல் சற்று விலகி நின்றால்தான் திரும்பு துவாரம் திறந்து அழுத்தம் தணியும். இத்தளர்ச்சி அறவே இல்லையாயின், கிளட்ச் சதா அரை மிதியில் நின்று, நல்ல பிளேட்டும் கருகிப்போகும். கைநூலிற் கண்டபடி இதனைச் சரிசெய்க.

பின்பு எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுதும் மிதித்து, நான்கு விநாடி பொறுத்து, ரிவர்ஸ் கியரில் போடவேண்டும். உரசும் சத்தமின்றி விழுந்தால் கிளட்ச் முழுதும் பிரிகிறது என்பது உறுதி. கிண்ணம் பிரேக்குக்கும் பொதுவானால், சாலைக்குச் செல்லுமுன் முற்றத்திலேயே பிரேக்கைப் பலமுறை மிதித்துச் சோதித்தல் கட்டாயம். பெடல் மெத்தென்றிருந்தால் பிரேக்கிலும் காற்று எடுக்குமுன் வண்டியை நகர்த்தலாகாது. மறுநாள் காலையில் எல்லாப் பூட்டுக்களையும் ஈரத்துக்காக ஒருமுறை தடவிப் பார்க்கவேண்டும்.

பழைய எண்ணெய்

பிரேக் ஆயில் விஷம். கண்ணிற் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவி, வைத்தியரைக் காணவேண்டும். வண்டியின் வர்ணத்தில் பட்டால் வர்ணம் உரியுமாகையால் உடனே நீர் ஊற்றிக் கழுவுக. பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், டப்பாவில் அடைத்துப் பட்டறையின் கழிவெண்ணெயோடு சேர்ப்பிக்கவேண்டும். குடிநீர்ப் புட்டியிலோ சோடாப் புட்டியிலோ அதனை வைப்பது பெருங் குற்றம். தாகத்தோடு வரும் குழந்தை புட்டியைத்தான் பார்க்கும், உள்ளிருப்பதை அறியாது.

வருமுன் காத்தல்

மாதத்துக்கு ஒருமுறை கிண்ணத்தின் எண்ணெய் அளவைப் பார்த்தலும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் முழுவதையும் மாற்றுதலும், நின்றிருக்கும் வண்டியின் கிளட்ச் பெடலை வாரம் ஒருமுறையேனும் சிலதரம் மிதித்து விடுதலும், ஓட்டும்போது பெடலின்மேல் காலை ஓய்வாய் வைக்காதிருத்தலும் இச்சாதனத்தின் ஆயுளை நீட்டிக்கும்.

ஒரே ஊரில் பலரிடம் வண்டி இருக்குமாயின், தாங்கிகள், குழாய் ஸ்பானர்கள், சர்க்கிளிப் குறடு ஆகியவற்றைப் பொதுவில் வாங்கிக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துக்கொள்ளுதல் சிக்கனமாகும். கிராம அலுவலர்கள் இம்முறையைத் தத்தம் ஊரார்க்கு எடுத்துச்சொல்லி, முக்கியமாக மண்ணெண்ணெயின் தீமையையும், ஜாக்கியை மட்டும் நம்புவதன் ஆபத்தையும் யாவரும் அறியச் செய்வார்களாயின், வீண் செலவோடு விபத்துக்களும் குறையும் என்பதில் ஐயமில்லை.